தட்டாமல் போன டப்பா

கன்னிவாடிப் பக்கம், மலையடிவாரத்து மீன் பண்ணை ஒன்றில் அவரைப் பார்த்தேன். காவலும் அவர்தான், தீவனம் போடுவதும் அவர்தான். நெட்டை உருவம். தூறலுக்குக் காலிச் சாக்கைத் தலையில் கொங்காணி போட்டிருந்தார். தீவன டப்பாவைக் கரண்டியால் தட்டிக்கொண்டே கரைக்கு வருவார். அந்தச் சத்தத்துக்கு மீன்கள் திரண்டுவிடும்.

மீன்கள் மெலிகின்றன, வந்து பாருங்கள் என்று பண்ணை முதலாளி மீன் மருத்துவரான என்னை அழைத்திருந்தார். திண்டுக்கல்லில் இருந்தபடி செல்போனில் குளத்தைக் கண்காணிப்பவர் அவர். ஒரு மீனை அறுத்தேன். ஈரல் வெளிறிக் கிடந்தது. தீவன மூட்டையைப் பிரித்தால் பச்சைப் பூஞ்சை.

“பூத்ததை வெயில்ல காயவச்சு, புடைச்சுத்தானங்க போட்டேன்?” என்றார் காவல்காரர்.

“பூஞ்சைதாங்க உதிரும். அதோட நஞ்சு தீவனத்துலயே இருக்கும். கொஞ்சங் கொஞ்சமா ஈரலைக் கெடுத்துரும்.”

முதலாளிக்குப் போன் போட்டுச் சொன்னேன். இருக்கிற மூட்டைகள் தீரட்டும், பிறகு புதிது வாங்கலாம் என்றார்.

“ரெண்டு நாள் பட்டினி போட்டாக்கூட மீனுக்கு ஒண்ணும் ஆகாதுங்க,” என்றேன் காவல்காரரிடம்.

அவர் கம்பத்தில் இருந்த கேமராவைக் காட்டினார். “வேளைக்குப் போடலேன்னா அங்கன பாத்துருவாருங்க. குடும்பத்தோட இங்கனதான் கெடக்கோம். எங்க போகச் சொல்றீங்க?”

சாயங்காலம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டார். சத்தம் கேட்காவிட்டால் மீன்கள் வராது, போடாததற்கு அதையே முதலாளியிடம் காரணமாகச் சொல்லலாம் என்று நினைத்தார் போலும். செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு மெதுவாக நடந்தார்.

கரையில் அவர் தலை தெரிந்ததுமே குளம் முழுக்க வாய்கள் திறந்தன.

ஒருமுறை கேமராவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு டப்பாவுக்குள் கையை விட்டார்.