அத்தானின் டார்ச்

என் அத்தானுக்குத் தன் நிழல் மேலேயே நம்பிக்கை கிடையாது. உதிரிபாகக் கடையில், வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவரும் சாமான்களைச் சோதிக்கும் வேலை அவருக்கு. தாங்களே உடைத்துவிட்டு, "பிரிச்சப்பவே இப்படித்தாங்க இருந்துச்சு" என்பவர்களை நாள் முழுக்கப் பார்க்கிற மனிதர் வேறு எப்படி இருப்பார்? வீட்டில் பால் பாக்கெட்டைக்கூட முகர்ந்து பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்.

இப்படிப்பட்டவருக்குக் கார்டு சேர்க்கும் பித்து பிடித்ததுதான் வேடிக்கை. பறக்கும் நாகம், நெருப்புக் கக்கும் ஆமை, மூன்று கண் ஓநாய் என்று படம் போட்ட கார்டுகள். மற்றவர்கள் மூடிய பாக்கெட்டாக வாங்கி, உள்ளே என்ன வருகிறதென்று பார்ப்பார்கள். அத்தான் அதைத் தொடவே மாட்டார்; கடைக்காரன் நல்லதை உருவிக்கொண்டு மறுபடி ஒட்டியிருப்பான் என்பார். ஒவ்வொரு கார்டாகத் தேடி, லேசாக வளைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்துத்தான் வாங்குவார். அசல் கார்டின் நடுவில் கருப்பாக ஒரு பூச்சு இருக்கும், வெளிச்சத்தை விடாது. போலி என்றால் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஆல்பத்தில் ஒரே ஓர் இடம் மட்டும் பல வருடங்களாகக் காலி. இரட்டைத் தலைக் கடல் நாகத்துக்கான இடம் அது.

போன மாதம் அவருடைய சந்தேகம் அக்கா பக்கம் திரும்பியது. மாடிப்படியில் நின்று போன் பேசுகிறாளாம், இவர் வந்தால் பேச்சை மாற்றுகிறாளாம். "உங்க அக்கா எங்கிட்ட எதையோ மறைக்கிறா. உனக்குத் தெரியும்" என்று என்னையே மடக்கினார். தெரியும்தான். எரிச்சலோடு வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா ஓர் உறையை நீட்டினாள். உள்ளே இரட்டைத் தலைக் கடல் நாகம். விற்கவே மாட்டேன் என்று முரண்டு பிடித்தவரிடம் வாரக்கணக்கில் பேசிப் பேசி வாங்கியது. அத்தானின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பிறகு டார்ச்சைத் தேடினார். இந்தக் கார்டுக்கென்றே புது பேட்டரி போட்டு அடித்தார். கார்டின் வழியே மங்கலாகச் சிவப்பு வெளிச்சம் கசிந்தது.

"உன்னை நல்லா ஏமாத்திட்டான்" என்றார்.

"இருக்கட்டும்ங்க. எனக்காக ஆல்பத்துல வைங்க."

அவர் கேட்கவில்லை. கிழித்தால் உள்ளே வெறும் வெள்ளைத் தாள்தான் இருக்கும், அதை அவன் மூஞ்சியில் வீசிவிட்டு வருகிறேன் என்றார். அக்காவை ஒருவன் ஏமாற்றிவிட்டானே என்ற கோபமும் அதில் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். நான் எழுந்து தடுப்பதற்குள் இரண்டு தலைக்கும் நடுவில் கிழித்துவிட்டார்.

கிழிந்த ஓரத்தில் கருப்புக் கோடு தெரிந்தது.

ஆல்பத்திலிருந்து ஒரு பழைய கார்டை உருவி டார்ச் அடித்தார். அதிலும் அதே சிவப்பு. இத்தனை காலமும் உயிர் போகிற பேட்டரியை வைத்தே சோதித்தவருக்கு, நல்ல வெளிச்சத்தில் அசலும் கொஞ்சம் கசியும் என்பது தெரியாமல் போயிருக்கிறது.

"அசல்தான்" என்றார்.

"சந்தேகம் தீர்ந்துச்சா?" என்று அக்கா கேட்டாள்.

தலையை ஆட்டினார்.

"எனக்கு இப்பத்தான் ஆரம்பிக்குது. கல்யாணமான நாள்லேர்ந்து என்னை எப்பவாவது நம்பியிருக்கீங்களா?"