சாமை கன்டெய்னருக்கு முப்பதடி ராம்ப்

ஆலங்காயத்தில் இருக்கும் குடோனிலிருந்து எங்கள் முதல் கன்டெய்னர் அடுத்த வாரம் புறப்படுகிறது! ஜவ்வாது மலைச் சாமை கப்பலேறப் போகிறது!

மூட்டைத் தள்ளுவண்டியைக் கன்டெய்னருக்குள் ஏற்ற, சாய்வாகப் போடும் ராம்ப் வேண்டும். இரண்டு வாரம் வீடியோ பார்த்து, முப்பதடி இரும்பு ராம்ப் என்று முடிவு செய்திருந்தேன்.

இன்று ராம்ப் விற்கும் வாணியம்பாடி அன்வர் பாய் அளவெடுக்க வந்தார். டேப்பை விரித்தால், ராம்ப் போட்ட பிறகு கன்டெய்னர் லாரி நிற்க இடமே இல்லை.

மூட்டை ஏற்றும் செல்வி அக்கா சிரித்தார்.

"இன்னாத்துக்குங்க இம்மாம் நீளம்? குடோன் பின்வாசல் மேட்டுல குந்திக்கினுதான டீ குடிக்கிறோம்? லாரி ஒட்டி நின்னா அது மேலயே கிளாஸை வெச்சிடுவோம். ரெண்டும் ஒரே ஒசரங்க."

ஓடிப்போய் மேட்டை அளந்தோம். பாய் சொன்ன கன்டெய்னர் தரை உயரத்துக்கும் மேட்டுக்கும் நாலு விரல்தான் வித்தியாசம்!

"நடுவுல போட ஒரு இரும்புப் பலகை போதும் சார்," என்றார் பாய். "நம்ம வியாபாரம் போச்சு. டீயாவது சொல்லுங்க."

அந்த மேட்டிலேயே உட்கார்ந்து குடித்தோம். தினமும் நானும் அங்கேதான் குடிக்கிறேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

போனைத் திறந்தால் இன்னும் ராம்ப் விளம்பரம்தான். முப்பதடியில் யாருக்காவது வேண்டுமா?