நிறுத்தக் கூடாத இயந்திரம்

சில வருடங்களுக்கு முன், மாரி மழையை நம்பிச் செய்யும் காலபோக உழவு நேரத்தில் நடந்தது இது. கனகராயன்குளத்திலிருந்து காட்டுப் பக்கமாக உள்ளே போனால், ஒரு சிறிய குளத்தின் கீழே எங்கள் வயல்.

எங்களுடைய உழவு இயந்திரம் என்னைவிட வயதானது. அந்த வருடம் அதன் ஸ்டார்ட்டர் எரிந்துபோனது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கழற்றித் திருத்த வவுனியாவுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "விதைப்பு முடியட்டும்" என்பார் என் கணவர்.

அதுவரைக்கும் ஒரு வழி வைத்திருந்தார். பொழுதுபட்டால் குளக்கட்டின் சரிவில் ஏற்றி, சில்லுக்குக் கல் வைத்து நிறுத்துவார். காலையில் கல்லை எடுத்து உருளவிட்டு கியரில் போட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிறகு வேலை முடியும் வரை நிறுத்தவே மாட்டார். சாப்பிடும்போதும் அது ஓடிக்கொண்டிருக்கும், தேநீர் குடிக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். கோயில் திருவிழாவுக்குப் போனாலும் சரிவு தேடித்தான் விடுவார். "எதைச் செய்தாலும் அண்ணன்ர மெசினை மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ" என்று ஊரே பகிடி பண்ணும்.

அன்று மத்தியானம் சாப்பாடு கொண்டு போனேன். குளக்கட்டில் ஏறும்போதே இயந்திரம் வயல் நடுவில் ஓடியபடி ஒரே இடத்தில் நிற்பது தெரிந்தது. பேச்சுக்கு யாரோ அகப்பட்டிருக்கிறார்கள், இவர் டீசலை எரித்துக்கொண்டு கதை அளக்கிறார் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு அவசரப்படாமல் ஆறுதலாகத்தான் நடந்தேன்.

பக்கத்து வயல்காரர் வரம்பு கட்டிக்கொண்டு நின்றார். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், எங்களுக்கு எந்த நேரமும் கை கொடுக்கிறவர். என்னைக் கண்டதும் நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, சீட்டுல அண்ணனைக் காணோமே" என்றார். சாப்பாட்டை வரம்பிலேயே வைத்துவிட்டேன். இரண்டு பேரும் ஓடினோம்.

கலப்பையில் சிக்கிய வேரை இழுத்தெடுக்க, கலப்பையைத் தூக்கி வைத்துவிட்டுப் பின்னால் இறங்கியிருக்கிறார். தூக்கி நின்ற கலப்பை எப்படி இறங்கியது என்று அவருக்கே இன்றுவரை தெரியாது. அவருடைய கால் அதற்கு அடியில், சேற்றுக்குள் புதைந்து கிடந்தது. எங்களைக் கண்டதும் கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். எஞ்சின் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பக்கத்து வயல்காரர் பாய்ந்து போய் எஞ்சினை நிறுத்தினார். ஒரு மனிதன் இயந்திரத்துக்கு அடியில் கிடந்தால் யாருடைய கையும் முதலில் அதற்குத்தான் போகும்.

சத்தம் அடங்கியது. கணவரின் குரல் கேட்டது.

"ஐயோ, ஏனடா நிப்பாட்டினனி? கலப்பையைத் தூக்கச் சொல்லியல்லோ கத்தினனான்!"

கலப்பையைத் தூக்குவது எஞ்சினின் பலம்தான். அது ஓடிக்கொண்டிருந்தால், சீட்டுக்குப் பக்கத்திலுள்ள கம்பியை ஒருமுறை இழுத்தால் போதும். பக்கத்து வயல்காரர் அந்தக் கம்பியை இழுத்தார், மறுபடி மறுபடி இழுத்தார். கலப்பை அசையவில்லை. பைத்தியம் பிடித்தவர்போல் சாவியைத் திருப்பினார். 'டிக்' என்றது. உருட்டி ஸ்டார்ட் பண்ண அந்தச் சேற்று வயலில் ஏது சரிவு?

அந்த நிமிடம் அந்த மனிதரை நான் வெறுத்தேன். அடுத்த நிமிடம் அவர் மண்வெட்டியால் சேற்றைக் கொத்தத் தொடங்கிவிட்டார். காலுக்குக் கிட்ட வந்ததும் அதை எறிந்துவிட்டு வெறும் கையால் தோண்டினார். அவருடைய நகங்களிலிருந்து இரத்தம் வந்தது. என் கூக்குரல் கேட்டு ஆட்கள் வந்து சேர்ந்து காலை வெளியே எடுத்தபோது, என் மடியில் தலை வைத்திருந்த கணவருக்கு நினைவில்லை. வவுனியாவுக்குக் கொண்டு போனோம். உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது. அவ்வளவு நேரம் நசுங்கிக் கிடக்காமல் இருந்திருந்தால் மிஞ்சியிருக்கலாம் என்றார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வந்த பக்கத்து வயல்காரர் உள்ளே வராமல் கதவோடு நின்றார். என் கணவர்தான் கூப்பிட்டார். "நான் கத்தினதை மனசில வச்சிருக்காதை. அந்த மெசின் சத்தம் இன்னும் கொஞ்சம் கேட்டிருந்தா நான் பயத்திலயே செத்திருப்பன்" என்றார். பொய்தான். அங்கிருந்த மூன்று பேருக்கும் அது பொய் என்று தெரியும்.

இப்போது புது ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறோம். சாவியைத் தொட்டாலே பிடித்துக்கொள்கிறது. எங்கள் வயலை ஒவ்வொரு போகமும் பக்கத்து வயல்காரர்தான் உழுது தருகிறார், சொன்னாலும் கேட்கமாட்டார். வேலை முடிந்ததும் உடனே இறங்க மாட்டார். எஞ்சினை ஓடவிட்டபடியே, ஊன்றுகோலோடு வரம்பில் நிற்கும் என் கணவரின் முகத்தைப் பார்ப்பார். "அண்ணே, நிப்பாட்டட்டா?" என்று கேட்பார். இவர் தலையாட்டிய பிறகுதான் நிறுத்துவார்.

விதைப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டது நாங்கள், அதன் பழியைச் சாகும்வரைக்கும் சுமக்கப் போவது உதவிக்கு ஓடிவந்த அந்த மனிதர் என்பதுதான், போன காலைவிட எனக்கு அதிகமாக வலிக்கிறது.