முறை வைத்துச் சாப்பிட்ட மாத்திரை

1. தோல் ஓ.பி.யிலிருந்து வந்தவர்

எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் நான் கவுன்சிலராக இருந்தேன். கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கிச் சில காலமே ஆகியிருந்தது. கிருஷ்ணகிரிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் எங்களுக்குப் போர்டு இல்லாத இரண்டு அறைகள். ஒன்றில் டாக்டர், இன்னொன்றில் நானும் பார்மசிஸ்ட் அக்காவும் மாத்திரைப் பெட்டிகளும்.

ஒரு நாள் தோல் ஓ.பி. டாக்டர் ஒருவரை எங்களிடம் அனுப்பிவைத்தார். மாதேஷ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் வரும் பெயர்கள் எல்லாம் நான் வைத்தவைதான். தேன்கனிக்கோட்டைக்காரர், ஓசூரில் கம்பெனி வேலை. உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. எங்கள் மருந்தில் உள்ள நெவிரபின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் இப்படித்தான் கிளப்பிவிடும். ஆனால் மாதேஷ் எங்கள் நோயாளியே இல்லை. டெஸ்ட் எடுத்தோம், நெகட்டிவ். நல்ல உடம்பு. சட்டைப்பையில் மட்டும் எங்கள் மாத்திரை ஒன்று இருந்தது.

இது ஏது என்று கேட்டேன்.

"சத்து மாத்திரைங்க சார். ரூம்ல அண்ணன் ஒருத்தரு குடுப்பாரு. நேத்து என் முறை, தடிப்பா இருந்துச்சுன்னு சாப்பிடாம வச்சிருக்கேன்."

முறையா? அவர் நிதானமாக விளக்கினார். ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் நான்கு பேர் ஓர் அறையில் இருக்கிறார்கள். சமையலுக்கு முறை, தண்ணீர் பிடிக்க முறை, அறை கூட்ட முறை. அதே மாதிரி ராத்திரி மாத்திரைக்கும் முறை. காலை மாத்திரை அண்ணனுக்கு. ராத்திரி மாத்திரை, நான்கு நாளைக்கு ஒரு தடவை ஆளுக்கு ஒன்று. சண்டை சச்சரவே கிடையாதாம்.

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். லிவர் டெஸ்டுக்கு எழுதிக்கொடுத்து, இனிமேல் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது என்றார். மாதேஷுக்கு வருத்தம். அண்ணனுக்கு மட்டும் எப்படி ஒத்துக்கொள்கிறது என்று கேட்டார். அதற்கு எங்களுக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் வழியில்லை.

2. மாதிரி நோயாளி

எங்கள் நோயாளிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. மாத்திரையை வாங்கியதும் எங்கள் டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு, சத்து மாத்திரை டப்பாவில் மாற்றிக்கொள்வார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வெயிட்டிங் ஹாலில் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டது.

ஜூஜுவாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர் எங்கள் பதிவில் ஒருவர்தான். தனசேகர், திருநெல்வேலிப் பக்கம், வார்ப்படக் கம்பெனியில் வேலை. எலும்பும் தோலுமாக வந்தவர் ஆறே மாதத்தில் ஆளே மாறிப்போனார். ஒவ்வொரு மாதமும் சத்து மாத்திரை டப்பாவைக் காலியாகக் கொண்டுவந்து காட்டுவார். தேதி தவறவே மாட்டார். புதிதாக வருகிறவர்களிடம் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் பெருமையாகச் சொல்வேன். பிறகு சி.டி.4, அதாவது ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவு, இறங்க ஆரம்பித்தது. டப்பா காலி, ஆளும் இளைத்துக்கொண்டே போகிறார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இப்போது புரிந்தது.

கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். 

"நான் தேறுனதுதான் சார் வினை. கன்னத்துல சதை வச்சிருச்சே, என்னடே சாப்பிடுதன்னு கேட்டானுவ. சத்து மாத்திரைன்னேன். எங்களுக்குந் தாடேன்னானுவ. இல்லன்னு சொன்னா ஒண்ணை எடுத்துக்கிட்டு மெடிக்கல்ல போயி இது என்ன மாத்திரைன்னு கேட்டுருவானுவ. அப்புறம் ரூமும் போச்சு, வேலையும் போச்சு."

பாதி டோஸில் உடம்பிலுள்ள கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிவிடும் என்று எவ்வளவோ வகுப்பு எடுத்திருக்கிறேன். அவருக்கும் எடுத்திருக்கிறேன். அவருக்கு அது தெரியாமல் இல்லை. கிருமியை விட மூன்று ரூம்மேட்டுகளுக்கு அதிகம் பயந்தார், அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தது. யார் மீது கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

3. புது லாட்

வழி கண்டுபிடித்தவர் பார்மசிஸ்ட் அக்கா. உங்கள் மாத்திரையைக் கம்பெனி லாக்கரில் வைத்து அங்கேயே சாப்பிடுங்கள், ரூமுக்கு இதைக் கொடுங்கள் என்று பி காம்ப்ளக்ஸ் எடுத்துக் கொடுத்தார். எங்களுடையது வெள்ளை, இது மஞ்சள். கலர் ஏன் மாறியது என்று கேட்டால் புது லாட்டில் வந்த சரக்கு என்று சொல்லச் சொன்னோம். கம்பெனிக்காரர்களுக்கு லாட் மாறுவது சகஜம். இது ஒத்துக்கொள்ளும் என்பதால் மாதேஷும் மறுபடி முறைக்கு வந்துவிட்டார்.

அறையில் ஒருவர் குவாலிட்டியில் இன்ஸ்பெக்டராம். புது லாட்டில் பவர் இல்லை, திருப்பி அனுப்பு என்று ஒரே பிடிவாதம். தனசேகர் இதை என்னிடம் சொன்னபோது, ரிஜெக்ட் ஆன லாட்டை எங்கே திருப்புவது என்று நிஜமான கவலையோடு கேட்டார்.

ஆனால் காலம் தவறிவிட்டது. முழு டோஸ் சாப்பிட்டும் சி.டி.4 ஏறவில்லை. மருந்து கேட்கவில்லை என்றார் டாக்டர். அடுத்தது செகண்ட் லைன் என்கிற இரண்டாம் கட்ட மருந்து. அது அப்போது எங்கள் ஜில்லாவில் இல்லை. சென்னைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். தனசேகர் நாளுக்கு நாள் கரைந்தார். இவர் தாங்குவாரா என்று எனக்குள் பயம் இருந்தது.

அனுமதி வந்ததும், சென்னைக்குப் போகப் பேப்பர் வாங்க வந்தார். பையிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்து மேசை மேல் வைத்தார். திறந்தால் மேல்வரைக்கும் மஞ்சள் மாத்திரை.

"ஒருத்தனும் சாப்பிடல சார். நான் மெலிஞ்சிட்டேன்னு, அவனவன் முறை மாத்திரைய எனக்குச் சேத்து வச்சிருக்கானுவ. மாதேஷ்தான் கையில குடுத்தான், எங்களுக்கு வேணாம், நீ தேறு அண்ணான்னு."

பார்மசிஸ்ட் அக்கா சிரிக்க ஆரம்பித்து, பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். நான் டப்பாவை மூடிக் கொடுத்தேன். பி காம்ப்ளக்ஸ்தானே, சாப்பிடுங்கள் என்றேன். 

சென்னை மருந்து கேட்டது. சில மாதம் கழித்துப் போன் செய்தார். கன்னத்தில் மறுபடி சதை வைத்திருக்கிறதாம்.  ரூமில் யாராவது கேட்டார்களா என்றேன்.

"கேட்டானுவ சார். சர்க்கரை வியாதி மாத்திரைன்னுட்டேன். ஒருத்தனும் பக்கத்துல வரல."

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இரண்டே. மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள். வேறு யார் சாப்பிடுகிறார்கள் என்றும் கேளுங்கள். நான் கேட்க ஆரம்பித்த பிறகு, கறவை குறைந்த மாட்டுக்குக் கொடுத்தவர்கூட அகப்பட்டார். இன்னொன்று, மறைத்தே ஆகவேண்டும் என்று ஒருவர் சொன்னால், யாருக்கும் ஆசை வராத பொய்யாகப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். தனசேகரின் போனுக்குப் பிறகு எங்கள் வெயிட்டிங் ஹாலில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும், வீட்டைப் பொறுத்தவரை, சர்க்கரை வியாதிக்காரர்கள்தான்.