கொம்பு முளைத்த சட்டை

துணியை மடித்து வைப்பதா, மாட்டி வைப்பதா என்று எங்கள் வீட்டில் யாரும் யோசித்தது கிடையாது. மடிப்பதுதான். மாட்டுவதற்கென்று பிறந்தவை பால் தூக்குவாளியும் திருஷ்டிப் பூசணிக்காயும். துணிக்குத் தகரப் பெட்டி. அய்யா, அதாவது என் அப்பா, இந்த விஷயத்தில் இம்மியும் இறங்கி வராதவர். கஞ்சி போட்டுக் காயவைத்த சட்டையை அம்மாவிடம்கூடக் கொடுக்க மாட்டார். தானே எட்டாக மடித்துப் பெட்டிக்கு அடியில் வைப்பார். விசேஷ வீட்டுக்குப் போகும்போது எடுத்து உதறிப் போட்டால் நெஞ்சில் குறுக்கும் நெடுக்குமாக மடிப்புக் கோடு விழுந்திருக்கும். அந்தக் கோட்டில்தான் அவருடைய கௌரவமே இருந்தது. இது பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்த சட்டை என்று அது ஊருக்கே சொல்லும். அது கலைந்துவிடக் கூடாதென்று கயத்தாறு பஸ்ஸில் இடம் இருந்தாலும் நின்றுகொண்டே போவார்.

இது எழுபதுகளின் கடைசியில். அந்த வருஷம் கரிசல் கைவிடவில்லை. பருத்தி நன்றாக வெடித்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில், எனக்கு மாப்பிள்ளை அமைவதற்கு முன்பே, கல்யாணச் சீராகக் கொடுக்க, கோவில்பட்டியில் ஒரு பட்டறையில் சொல்லி இரும்பு பீரோ செய்து, மாட்டுவண்டியில் கொண்டு வந்து இறக்கிவிட்டார். தெருவே வந்து பார்த்தது. கதவைத் திறந்தால் ஒரு பக்கம் தட்டுத் தட்டாக இருந்தது. மறுபக்கம் வெறுமனே கிடந்தது. மேலே குறுக்கே ஒரு கம்பி மட்டும்.

“இங்கன என்னத்த வைக்கது?” என்றாள் அம்மா.

“துணி மாட்டுததுக்காம். எல்லா பீரோவும் இப்ப இப்படித்தான் செய்தாவளாம்” என்றார் அய்யா. சொல்லும்போதே அவருக்குப் பிடிக்கவில்லை. “கெடக்கட்டும். அடுத்த தடவ போகும்போது பட்டறைக்காரர வரச் சொல்லி, கம்பிய எடுத்துட்டு அதுலயும் தட்டு போட்டுருவோம்.”

எனக்கு அந்தக் கம்பி எதற்கென்று நன்றாகத் தெரியும். பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சி படித்தபோது விடுதியில் என்னோடு இருந்த தூத்துக்குடிப் பெண் எல்லாவற்றையும் ஹேங்கரில் மாட்டுவாள். படிப்பு முடிந்து பிரியும்போது எனக்கும் ஒரு கம்பி ஹேங்கர் கொடுத்தாள். ஆசையாக ஊருக்குக் கொண்டு வந்து, தாவணியை அதில் போட்டுச் சுவரில் மாட்டினேன். விளக்கு வைக்கிற நேரத்தில் உள்ளே வந்த அம்மா போட்ட சத்தத்தில் மாடு மிரண்டது. “ஆளு தொங்குத மாதிரி இருக்குட்டி! எடு அத!” அன்றிலிருந்து அந்த ஹேங்கர் அடுப்படியில் சல்லடையைத் தாங்கிக்கொண்டிருந்தது. படித்துவிட்டு வந்து வீட்டில் சும்மா இருந்த என்னைப் போலத்தான் அதுவும்.

பீரோ வந்த கொஞ்ச நாளில், ஒருநாள் காலையில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கோவில்பட்டியில் ஒரு மில் ஆபீஸில் வேலை. தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே காப்பி கொண்டுபோனேன். தரையைப் பார்த்தபடியே ஓர் ஆளை முழுசாகப் பார்த்துவிடும் வித்தை எங்கள் காலத்துப் பெண்களுக்கெல்லாம் தெரியும். இளநீலச் சட்டை. இரண்டு தோளிலும் நுனிக்குக் கொஞ்சம் முன்னால் சின்னச் சின்னப் புடைப்பு, கன்றுக்குட்டிக்குக் கொம்பு முளைக்கிற மாதிரி. பார்த்த உடனே புரிந்துவிட்டது. மனிதர் ஈரச் சட்டையை ஹேங்கரில் போட்டுக் காயவைத்திருக்கிறார். சிரிப்பை அடக்கியதில் தட்டில் இருந்த டம்ளரெல்லாம் ஆடின. பயந்த பிள்ளை என்று அவர்கள் மெச்சிக்கொண்டார்கள்.

அதற்காக மட்டும் அவரைப் பிடித்துவிடவில்லை. போளியும் காரச்சேவும் தின்று முடித்து எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். பெரியவர்கள் மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்றில் கொடியிலிருந்து ஒரு துண்டு கீழே விழுந்தது. எங்கள் வீட்டு ஆம்பிளைகள் அதைத் தாண்டித்தான் போவார்கள். இவர் குனிந்து எடுத்தார். மண் போக இரண்டு உதறு உதறினார். கொடியில் போட்டு, இரண்டு ஓரத்தையும் சரியாக இழுத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலப் போய் நின்றுகொண்டார். ஜன்னல் வழியாக நான் மட்டும்தான் பார்த்தேன். இந்த ஆளைத்தான் கட்டிக்கொள்வது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

அவர்கள் போனதும் அம்மா கேட்டாள்: “மாப்பிள்ளய பாத்தியாட்டி?”

“இல்லம்மா” என்றேன், அடக்கமான பிள்ளையாக. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஏனென்றால் அடுத்த நிமிஷமே அய்யாவின் அக்கா, என் அத்தை, ஆரம்பித்துவிட்டாள். “ஏலே தம்பி, அந்தப் பையனுக்குத் தோள் ரெண்டும் புடைச்சிக்கிட்டுல்லா இருக்கு. சின்னப் பிள்ளையில கீழ விழுந்து எலும்பு பெசகியிருக்கும். சரியா கட்டுப் போடாம விட்டுட்டாவ.”

“ரெண்டு பக்கமுமாக்கா விழுந்தான்?”

“ஒரு பக்கம் விழுந்துருப்பான். எந்திரிச்சு மறு பக்கம் விழுந்துருப்பான்.”

அய்யாவுக்கு வேறு குறை இருந்தது. “எலும்ப விடுக்கா. சட்டையில ஒரு மடிப்பு இருந்துச்சா? பொண்ணு பாக்க வாரவன் நேத்துப் போட்ட சட்டையப் போட்டுட்டு வரலாமா? ஒண்ணு நம்மள மதிக்கல, இல்ல வீட்டுல வேற சட்ட இல்ல.”

அது எலும்பு இல்லை, ஹேங்கர் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். ஆனால் மாப்பிள்ளையைப் பார்க்கவே இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவள், அவர் தோளைப் பற்றி எப்படிப் பேசுவது? அய்யா முடிவே கட்டிவிட்டார். நாளைக் காலை பருத்தி விஷயமாகக் கோவில்பட்டி போகிறார். சம்பந்தம் பேசிய சொந்தக்காரர் அங்கேதான் இருக்கிறார். ஜாதகம் ஒத்துவரவில்லை என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுவது. கம்பியை எடுக்க வரச் சொல்லிப் பட்டறைக்கு ஏற்கெனவே ஆள்விட்டிருந்தார், அதையும் அப்படியே நினைவுபடுத்திவிட்டு வருவது.

எனக்கு அழுகையாக வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது. ஒரு நல்ல மனிதரைத் துணி காயப்போட்ட குற்றத்துக்காகத் தள்ளிவைக்கிறார்களே என்று ஆற்றாமையாக இருந்தது. அப்போதுதான் அம்மா, “ஏட்டி, அய்யாவுக்கு நாளைக்குச் சட்ட வேணும், கசக்கிப் போடு” என்றாள்.

கசக்கினேன். என்றைக்கும் இல்லாத அளவுக்குக் கெட்டியாகக் கஞ்சி போட்டேன். அடுப்படியில் சல்லடையை இறக்கிக் கீழே வைத்துவிட்டு ஹேங்கரை எடுத்தேன். தொழுவத்துக்குப் பின்னால் யாரும் வராத இடத்தில், வேலிக்கருவை மரக் கிளையில் சட்டையைத் தொங்கவிட்டேன். எங்கள் பக்கத்து வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானத்துக்குள் சட்டை பலகையாகிவிட்டது. அப்படியே கொண்டு வந்து பீரோக் கம்பியில் மாட்டிக் கதவைச் சாத்தினேன். அந்தக் கம்பிக்கு அதுதான் முதல் சட்டை.

சாயங்காலம் அய்யா கேட்டார், “சட்டய எங்க? மடிக்கணும்லா?” பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டேன் என்றேன். வாங்கிய பீரோ பயன்படுகிறதே என்று சந்தோஷமாகப் போய்விட்டார்.

காலையில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சட்டையை மட்டும் உருவிக் கையில் கொடுத்தேன். அவசரத்தில் மாட்டிக்கொண்டு பட்டாசாலைக் கூடத்துக்கு வந்தார். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தாள். வாய் அப்படியே நின்றுவிட்டது.

“ஏலே தம்பி! உனக்கும் தோள் பெசகிட்டாலே?”

அய்யா குனிந்து இந்தத் தோளைப் பார்த்தார், அந்தத் தோளைப் பார்த்தார். இரண்டிலும் கொம்பு. மாப்பிள்ளைக்கு முளைத்ததைவிடப் பெரிய கொம்பு. கஞ்சி என் கைங்கரியம். அம்மா ஓடி வந்து விரலால் அமுக்கினாள். உள்ளே போய்விட்டு மறுபடியும் எழுந்தது. நெஞ்சிலே ஒரு மடிப்புக்கூட இல்லை. அம்மா என்னைப் பார்த்தாள். நேராகப் போய் பீரோவைத் திறந்தாள். சல்லடையைத் தாங்கிய ஹேங்கர் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது.

அத்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, வெற்றிலை புரையேறிவிட்டது. அய்யா சிரிக்கவில்லை. ஹேங்கரைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

“நீ தரையத்தானட்டி பாத்துக்கிட்டு இருந்த?”

“ஒரு தடவ நிமிந்தேன் அய்யா.”

“ஒரு தடவதானா?”

மறுபடியும் தரையைப் பார்த்தேன். காது இரண்டும் சுட்டது.

“பிடிச்சிருக்கா?”

எங்கள் வீட்டில் அப்படியொரு கேள்வியை எந்தப் பெண்ணிடமும் யாரும் கேட்டதில்லை. அத்தைகூடச் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

“பிடிச்சிருக்கு அய்யா” என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. அம்மா பெட்டியைத் திறந்து மடிப்புச் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். “இங்கேருங்க, இதப் போட்டுக்கிடுங்க. இந்தக் கோலத்துல எப்படிப் போவிய?”

“இருக்கட்டும்” என்றார். தோளில் கொம்போடு, துண்டைக்கூட அதன் மேல் போடாமல் கையில் பிடித்துக்கொண்டு போனார். அன்றைக்குப் பஸ்ஸில் உட்கார்ந்து போயிருப்பார். கலைவதற்குத்தான் மடிப்பே இல்லையே.

அன்று பகல் முழுக்க நான் அரிசியில் கல் பொறுக்கினேன். பொறுக்கிய அரிசியையே மறுபடியும் பொறுக்கினேன். சம்மதம் சொல்வாரா, மறுத்துவிட்டு வருவாரா என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. பொழுது சாயும்போது வந்தார். செருப்பைக் கழற்றினார், செம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பருத்தி விலையைப் பற்றி அம்மாவிடம் சொன்னார். சட்டையைக் கழற்றினார். வழக்கம்போல மடிக்கப் போகிறார் என்று பார்த்தால், பீரோவைத் திறந்து ஹேங்கரை எடுத்து, எந்தப் பக்கம் எப்படி நுழைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தடுமாறி, ஒருவழியாக மாட்டினார்.

“பட்டறையில சொல்லிட்டேன்” என்றார், என் பக்கம் திரும்பாமல். “கம்பிய எடுக்க வேண்டாம்னு. பெறகு மாப்பிள்ள சட்டய எங்கன மாட்டுவாவ?”