தோணியில் ஒரு நிறைக் கணக்கு

மாரி வெள்ளம் கிட்டங்கி வீதியை மூடியிருந்ததால் தோணியில்தான் அக்கரைக்குப் போகவேண்டும். மனைவியின் மடியில் கைக்குழந்தை. தோணி விளிம்பு தண்ணீரைத் தொடாத குறை.

எங்களோடு ஏறியவர் சவூதியிலிருந்து லீவில் வந்தவர். பானை வயிறு, அத்தர் வாசனை. குழாய்களை வரையும் கம்பியூட்டரில் எல்போ எனும் வளைகுழாய்கள், வால்வுகளின் நிறையைக் கூட்டிப் பார்ப்பது அவர் வேலையாம். அந்தப் பழக்கம் ஊரிலும் விடவில்லை. தோணி புறப்படுமுன் ஆட்களையும் பொதிகளையும் பார்த்துப் பார்த்து விரல்விட்டுக் கூட்டினார். ஒரு சாக்கருகே விரல் நின்றது.

"இதுக்குள்ள என்ன?"

"சும்மா சாமான்தான் காக்கா. அதக் கணக்கெடுக்க வேணாம்" என்றான் தோணிக்காரன், அவரை அண்ணன் முறை வைத்து.

"கம்பியூட்டரும் இப்படித்தான் தம்பி. ஒரு வால்வுக்கு நிறை போடாம உட்டா, பூச்சியமெண்டு கூட்டிரும். கணக்கு வடிவா வரும். குழாயத் தூக்கக்குள்ள கிரேன் சரியும். இறக்குங்க!"

இறக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. உள்ளே வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பு. தோணி மூச்சுவிட்டதுபோல் மேலெழுந்தது.

அக்கரையில் கால் வைத்த பிறகுதான் கேட்டேன்: "காக்கா, உங்கட நிறையையும் கூட்டினீங்களா?"

அவர் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார்.

"யா அல்லாஹ்!"

இருவரும் கரையிலேயே நின்று சிரித்தோம். இன்றும் ஏதாவது கணக்கு வடிவாக வந்துவிட்டால், எனக்கு அந்த வயிறுதான் நினைவுக்கு வரும்.