அரை மணி நேரம் பின்தங்கிய டைமர்

சுபாங் ஜெயாவில் என் வீட்டு அலமாரியில் ஒரு பழைய டைமர் இருக்கிறது. உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டத் தகடு, அதைச் சுற்றி இருபத்து நான்கு மணி நேரத்துக்கான எண்கள், விளிம்பில் இரண்டு சின்ன ஊசிகள். ஒன்று மின்சாரத்தைப் போட, மற்றொன்று அணைக்க. கட்டடங்களில் மின்சாரத்தை எப்படி மிச்சப்படுத்துவது என்று ஊருக்கு உபதேசம் செய்தே பிழைத்தவன் நான். அதனால் வீட்டுக்கு வருகிற இளம் பொறியாளர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "அங்கிள், இதான் உங்க மொத ஸ்மார்ட் சாமானா?" என்று கேலி செய்வார்கள். நானும் பெருமை பொங்கச் சிரித்துவைப்பேன். அந்தச் சிரிப்புக்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

எழுபதுகளின் கடைசியில், கோலாலம்பூரில் அம்பாங் சாலையிலிருந்த ஒரு பத்து மாடி அலுவலகக் கட்டடத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். எண்ணெய் விலை ஏறிக் கிடந்த காலம். மீட்டர் கொஞ்சம் கூடினாலும் மேனேஜர் முகம் கடுத்துவிடும். மாலை ஐந்து மணிக்கு ஊழியர்கள் போன பிறகும் யாருக்காவது நினைவு வந்து அணைக்கும்வரை, குளிர்சாதனமான ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு டைமர் வைத்தால் ஐந்து மணிக்குத் தானாக நின்றுவிடும் என்று யோசனை சொன்னவன் நான்தான். என் கையாலேயே அதைப் பொருத்தினேன். காலையில் பம்புகளைச் சோதித்துவிட்டு இயந்திரத்தை நானே போடுவேன், மாலையில் அணைப்பது டைமரின் வேலை. நான் நாலரைக்கே கிள்ளான் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவேன்.

நான் கிளம்பும் நேரத்தில்தான் துப்புரவு வேலைக்கு ஒரு பெண்மணி வருவார்; கட்டடத்தில் எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு. ரயில்வேயில் வேலை பார்த்த கணவர் முதுகில் அடிபட்டுப் படுத்துவிட்டதால், வீட்டில் அடுப்பெரிந்தது அக்காவின் சம்பளத்தில்தான். அவருடைய வாளியும் துடைப்பமும் ஏர்கோன் இயந்திர அறையின் ஒரு மூலையில் இருந்தன. துடைத்து முடித்த அறையின் விளக்கை உடனே அணைத்துவிட்டுத்தான் அடுத்த அறைக்குப் போவார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "ஆளில்லாத ரூமுக்கு எதுக்குத் தம்பி வெளிச்சம்?" என்பார். நான் பின்னாளில் கூட்டங்களில் படங்கள் காட்டி மணிக்கணக்கில் பேசியதெல்லாம் இந்த ஒரு வரிதான்.

எண்பத்திரண்டு பிறந்தபோது அரசாங்கம் நாட்டின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளியது. விடுமுறை முடிந்து வந்ததும் ஏணியைத் தூக்கிக்கொண்டு பத்து மாடியிலும் ஏறி, சுவர்க் கடிகாரங்களை ஒன்று விடாமல் திருத்தினேன். இயந்திர அறைக்குள் இருந்த டைமரும் ஒரு கடிகாரம்தான் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. அது பழைய நேரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்கு நிற்க வேண்டிய ஏர்கோன், அன்று முதல் ஐந்தரைக்கு நின்றது. அதைப் பார்க்க நான் அங்கே இல்லை. அக்கா இருந்தார்.

இரண்டு வாரம் கழித்து, வாளியை எடுக்க வந்தவர் சொன்னார்: "தம்பி, எல்லாரும் போன பெறகும் குளுரு அடிக்குது லா. கொஞ்சம் பாருங்களேன்." தோளில் ஒரு நீல ஸ்வெட்டர் தொங்கியது. அதற்கு முன் அவர் ஸ்வெட்டர் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. "அடங்க நேரமாகும் அக்கா, உள்ளே மிச்சக் குளிர் இருக்கும்," என்று படித்தவன் தோரணையில் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

மார்ச்சில் மேனேஜர் என்னை அழைத்தார். இரண்டு மாதமாக மீட்டர் ஏறியிருந்தது. உன் டைமர் வேலை செய்கிறதா இல்லையா என்று கேட்டார். உன் டைமர் என்று அவர் சொன்னது சுருக்கென்று தைத்தது. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். படியிறங்கிப் போனால் போதும். ஆனால் நான், "டைமர் அஞ்சு மணிக்கு வெச்சிருக்கு சார், அதுல தப்பில்ல. யாராவது கையால போட்டாத்தான் ஓடும்," என்றேன். அந்த அறைக்குள் யார் போவார்கள் என்று கேட்டார். "அக்கா தொடப்பம் அங்கதான் இருக்கு சார்." இவ்வளவுதான் சொன்னேன். போதாததற்கு, ஐந்து மணிக்கு மேல் குளிர் வருவது அக்காவுக்குத் தெரியும், அவரே என்னிடம் சொன்னார் என்றும் சேர்த்துவிட்டேன். நல்லெண்ணத்தில் அவர் சொன்ன தகவல், என் வாய்க்குள் போய் அவருக்கு எதிரான சாட்சியாக வெளியே வந்தது.

அந்த வெள்ளிக்கிழமையோடு அக்காவை வேலையிலிருந்து நிற்கச் சொல்லிவிட்டார்கள். அக்கா என்னைத் தேடி வந்தார். அழவில்லை. கையில் அந்த ஸ்வெட்டரைச் சுருட்டி வைத்திருந்தார். "நான் அந்த சுவிச்சத் தொடல தம்பி. எது என்னன்னுகூட எனக்குத் தெரியாது. நீங்க ஒரு வார்த்த சொன்னா மேனேஜர் கேப்பாரு. அக்கா தொடலன்னு சொல்லுங்க, அது போதும்." குளிர் தாங்காமல் ஸ்வெட்டர் தூக்கிவருகிறவள் எதற்காகக் குளிரைப் போடுவாள் என்று அப்போதாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். "மேனேஜர் முடிவு பண்ணிட்டாரு அக்கா, நான் என்ன செய்ய?" என்று மென்று முழுங்கினேன். அவர் துடைப்பத்தைத் துணியால் துடைத்து மூலையில் சாத்திவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து ஒரு பம்பில் நீர் கசிந்ததால் மாலையில் தங்க நேர்ந்தது. ஐந்து அடித்தது. இயந்திரம் நிற்கவில்லை. டைமரைப் பார்த்தேன். நாலரை காட்டியது. என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மறுபடியும் டைமரைப் பார்த்தேன். அந்த நிமிடமே மேலே ஓடிப்போய் மேனேஜரிடம் சொல்லியிருந்தால், அவரிடம் எனக்கிருந்த நல்ல பெயர் ஒன்றைத் தவிர நான் எதையும் இழந்திருக்கப் போவதில்லை. சுற்றிலும் பார்த்தேன், யாருமில்லை. கட்டை விரலால் தகட்டை அரை மணி முன்னே தள்ளினேன். கடக் என்று இயந்திரம் நின்றது.

அடுத்த மாதம் மீட்டர் இறங்கியது. அதைவிடக் கொடுமை வேறில்லை. அக்கா போனதும் குறைந்துவிட்டது என்று கட்டடம் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். மேனேஜர் முதுகில் தட்டி, குட் ஜாப் என்றார். நிறுவனத்தின் மற்ற கட்டடங்களின் மின்சிக்கனமும் என் பொறுப்புக்கு வந்தது. என் பிழைப்பு அங்கிருந்துதான் மேலே ஏறியது. பின்னர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் காலம் வந்தபோது, கழற்றிப் போட்ட டைமரை யார் கண்ணிலும் படாமல் பையில் போட்டுக்கொண்டேன்.

தொண்ணூறுகளில் ஒருநாள் பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை ஒன்றில் அக்காவைப் பார்த்தேன். வேறு யாருடைய கடையிலோ மாலை கட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் முதலில் அடையாளம் கண்டு சிரித்தார். கணவர் தவறிவிட்டதைச் சொன்னார். என் பிள்ளைகளை விசாரித்தார். அப்புறம் நூலை இழுத்தபடியே, "அந்தக் குளுரு பெறகு நின்னுச்சா தம்பி?" என்று கேட்டார்.

"நின்னுடுச்சு அக்கா."

அவர் கை நின்றது. "அப்ப நான்தான்னு நெனச்சிருப்பாங்க," என்றார். நான் ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினேன். அந்தப் பூ காரில் கிடந்தே வாடியது.

இன்று என் வீட்டில் ஆள் வெளியேறினால் விளக்கும் ஏர்கோனும் தாமாக அணைகின்றன. அலமாரியில் டைமர் மட்டும் எந்த மின்சாரமும் இல்லாமல், கழற்றிய அன்று காட்டிய மணியைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அக்கா இன்று இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது. மேனேஜரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா என்னிடம் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. கேட்க வேண்டியவர்கள் யாரும் எதிரில் இல்லாத பிறகு இங்கே சொல்கிறேன்: அந்த சுவிட்சை அக்கா தொடவில்லை.